களிமண் முற்றத்தில் வளர்ப்பு நாய்க்குச் செயற்கைப் புல்: தோண்டுவதற்கு முன்னும் விரித்த பின்னும் கவனிக்க வேண்டியவை

மாரி தொடங்கினால் வன்னியின் களிமண் வளவுகளில் நாய் வளர்ப்பவர்களின் பாடு ஒரே மாதிரித்தான். நாயின் காலோடு சேறு விறாந்தைக்கு வரும். படுக்கும் இடம் ஈரமாகவே கிடக்கும். சிறுநீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே தேங்கி மணக்கும். கோடையில் அதே மண் கல்லாக இறுகி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பின்புறத்தில் விரித்த செயற்கைப் புல்லைக் காட்டி, “அம்மா, அங்கேயும் ஒன்று போடுங்கோ, காசு அனுப்புகிறோம்” என்று சொல்லும் வீடுகள் இப்போது பல. கடைகளிலும் செயற்கைப் புல் சுருள் சுருளாக வந்துவிட்டது.

ஆனால் களிமண்ணில் புல்லை வாங்கி விரிப்பது மட்டும் வேலையல்ல. பணத்தின் பெரும்பகுதியும் உழைப்பின் பெரும்பகுதியும் புல்லுக்கு அடியில் போடும் கல்லுக்கும் வடிகாலுக்குமே போக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் மாரியிலேயே புல்லுக்குக் கீழே சிறுநீரும் சேறும் கலந்த குட்டை ஒன்று உருவாகும். போர் நடந்த மண்ணில் வாழும் எங்களுக்கு மண்வெட்டியை நிலத்தில் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொரு விடயமும் இருக்கிறது.

உங்கள் மண் எது?

வடக்கின் மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. யாழ். குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பது. தண்ணீரை வேகமாக உள்ளே விடும். வடமராட்சி கிழக்கின் மணல் இன்னும் வேகமாக விடும். வன்னியின் மேட்டு நிலங்களில் செங்கபில மண்ணும், வயல் சார்ந்த தாழ்நிலங்களில் நீர் தேங்கும் களி கலந்த மண்ணும் உண்டு. மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய முருங்கன் பகுதியிலும் துணுக்காய்ப் பக்கத்திலும் இருப்பது கருங்களி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் சீமெந்துக்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்தே ஏற்றிச் செல்லப்பட்டது.

கருங்களியின் குணம் நனைந்தால் வீங்குவதும் காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும். இந்த அசைவு வீட்டுச் சுவரையே வெடிக்க வைக்கக் கூடியது. முற்றத்தில் போடும் கல்லும் புல்லும் அதற்குத் தப்பாது.

உங்கள் மண்ணை அறிய இரண்டு எளிய சோதனைகள் போதும்.

முதலாவது, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நாடா போல மெல்ல வெளியே தள்ளுங்கள். உடையாமல் 5 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டால் அது நல்ல களி. 2 சென்ரிமீற்றருக்குள் உடைந்தால் மணற்பாங்கு.

இரண்டாவது, ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுவதும் வற்றியபின் மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தடியால் அளவு பாருங்கள். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால், அந்த மண் தானாக வடிக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தச் சோதனைக்குத் தோண்டுவதற்கு முன்னரும் அடுத்த பகுதியை வாசித்துவிடுங்கள்.

மண்வெட்டி வைக்க முன்

வடக்கு கிழக்கில் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பணிகள் 2002 முதல் நடந்து வருகின்றன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன்போது ஏற்றுக்கொண்ட பத்தாண்டுக் காலக்கெடு 2028 யூன் மாதத்தில் முடிகிறது. பெருமளவு நிலம் துப்புரவு செய்யப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் குப்பை எரிக்கும்போதும் எறிகணைகளும் கைக்குண்டுகளும் வெளிவருவது நின்றுவிடவில்லை. மேலிருந்து விழுந்து வெடிக்காமல் போனவை மென்மையான சேற்று நிலத்தில் ஆழமாகப் புதைந்திருக்கும். களிமண் காய்ந்து வெடிப்பதும் மழையில் கரைவதும் அவற்றை மெல்ல மேலே காட்டும்.

உங்கள் காணி மீள்குடியேற்றத்துக்கு முன் துப்புரவு செய்யப்பட்டதா, எந்த ஆழம் வரை பார்க்கப்பட்டது என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். பதுங்குகுழி இருந்த இடம், மண் அணை இருந்த இடம், முகாம் இருந்த இடம் எவை என்பதை அயலில் உள்ள மூத்தவர்களிடம் விசாரியுங்கள். மூடிய பதுங்குகுழிக்கு மேல் கல் பரப்பினால், வெடிபொருள் இல்லாவிட்டாலும், ஒரு மாரியில் நிலம் உள்வாங்கும்.

தோண்டும்போது உலோகப் பொருளோ இனந்தெரியாத பிளாஸ்டிக் பொருளோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். தொடவோ, தட்டவோ, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்கவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பிச் செல்லுங்கள். தூரத்திலிருந்து தெரியக்கூடிய அடையாளம் ஒன்றை வையுங்கள். பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் எடுத்துவிட்டு, 119 இலக்கத்துக்கோ அருகில் உள்ள பொலிஸ் நிலையத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். நாய் தோண்டும் பழக்கம் உள்ளதென்றால் அது கிளறிய குழிகளையும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இந்தக் காரணத்துக்காகவும் கீழே சொல்லப்படும் முறை ஆழமாகத் தோண்டுவதைத் தவிர்த்து, நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டும் முறையாக இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர் வரை மட்டுமே தண்ணீரை உறிஞ்சும். மணல் என்றால் 30 மில்லிமீற்றருக்கு மேல். வடகீழ்ப் பருவமழையின் ஒரு கனத்த நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குப் புதிதல்ல.

3 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தை எடுப்போம். பரப்பு 12 சதுர மீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை என்றால் 1,200 லீற்றர். மணிக்கு 2 மில்லிமீற்றர் உறிஞ்சும் களி, மணிக்கு 24 லீற்றரைத்தான் வாங்கும். அன்றைய மழை இறங்கி முடிய 50 மணித்தியாலம் வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

புல்லுக்கு அடியில் 10 சென்ரிமீற்றர் கல் போட்டால், கற்களுக்கு இடையிலான வெற்றிடம் ஏறத்தாழ 40 வீதம் என்று வைத்துக்கொண்டால், அது 480 லீற்றரைத் தாங்கும். மீதி 720 லீற்றர் குழாய் வழியே வெளியேறியாக வேண்டும். களிமண்ணில் கல் அடுக்கு மட்டும் போதாது, சரிவும் வடிகாலும் கட்டாயம் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

குழி தோண்டி அதற்குள் கல் நிரப்புவது மணல் நிலத்துக்குச் சரி. களியில் தோண்டிய குழி ஒரு கேணி. சுற்றிவர உள்ள தண்ணீரும் அதற்குள் வந்து சேரும், வெளியேற வழி இருக்காது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: எவ்வளவு, எங்கே?

முற்றம் முழுவதும் செயற்கைப் புல் போடுவது எங்கள் வெயிலுக்கு ஏற்றதல்ல. நேரடி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். உண்மைப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. சூடான தரையில் அதன் பாதம் வெந்து தோல் உரியும். புறங்கையைப் புல்லின்மேல் வைத்து 7 வினாடி தாங்க முடியாவிட்டால், அந்த நேரத்தில் நாயும் அதில் நிற்கக் கூடாது. தவழும் குழந்தைக்கும் இதே விதி.

எனவே நாய் படுக்கவும் கழிக்கவும் போதுமான ஒரு துண்டு, 8 முதல் 12 சதுர மீற்றர் வரை, போதும். இடத்தைத் தெரியும்போது இவற்றைப் பாருங்கள்:

- மா, வேம்பு போன்ற மரத்தின் நிழல், அல்லது மதியத்துக்குப் பின் வீட்டு நிழல் விழும் பக்கம். மரத்தின் அடியோடு ஒட்டிப் போட வேண்டாம். வேருக்குத் தண்ணீரும் காற்றும் தேவை.
- வளவின் மேடான பக்கம். தாழ்வான மூலையில் போட்டால் முழு வளவின் தண்ணீரும் அங்கேதான் வரும்.
- கிணற்றிலிருந்து இயன்றளவு தூரம், கிணற்றை விடத் தாழ்வான திசை. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைப்பதில் காட்டும் கவனம் இதற்கும் வேண்டும்.
- வீட்டு அத்திவாரத்திலிருந்து குறைந்தது 1 மீற்றர் இடைவெளி. அத்திவாரத்தின் ஒரு பக்கத்துக் களி எப்போதும் நனைந்தும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால் சுவர் வெடிக்கும். வடியும் தண்ணீரை வீட்டுப் பக்கம் திருப்பவே கூடாது.
- அடுப்பு, குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி. ஒரு தீப்பொறியும் பொங்கல் வெடியும் புல்லை உருக்கித் துளையாக்கும்.

அடித்தளம்: படிப்படியாக

வேலைக்கு ஏற்ற காலம் சிறுபோக அறுவடையை ஒட்டிய ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்கள். ஈரக் களியில் வேலை செய்தால் மிதிபட்டு மேற்பரப்பு மெழுகியது போலாகி, உறிஞ்சும் கொஞ்சத் தன்மையும் போய்விடும். முற்றிலும் காய்ந்து வெடித்த நிலையிலும் வேண்டாம். முதல்நாள் தண்ணீர் தெளித்து, கையில் உருட்டினால் உருண்டையாகி உடையும் பதத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

1. புல், வேர், குப்பையுடன் மேல் மண்ணை 5 சென்ரிமீற்றர் மட்டும் செதுக்கி எடுங்கள். வெடிப்புகள் இருந்தால் அதே மண்ணால் நிரப்பி இறுக்குங்கள்.

2. களியின் மேற்பரப்பையே சரிவாக்குங்கள். ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் இறக்கம் போதும். 3 மீற்றர் தூரத்துக்கு 6 சென்ரிமீற்றர். நூல் கட்டி, மட்டக்குழாயால் பாருங்கள். தண்ணீர் ஓடப்போவது களியின் மேலேதான். புல்லை மட்டும் சரிவாக்கி அடியை மட்டமாக விட்டால் பயனில்லை.

3. தாழ்வான ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் சிறு கால்வாய் வெட்டி, துளையிட்ட பிவிசி குழாயை வையுங்கள். துளைகள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். 100 சென்ரிமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் இறக்கம் கொடுங்கள். குழாயின் மேல் முனையை நிலத்துக்கு மேலே மூடியோடு விட்டால், அடைக்கும்போது தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

4. குழாய் போய்ச் சேருமிடம் வாழைப் பாத்தியாகவோ தென்னையைச் சுற்றிய பாத்தியாகவோ இருக்கட்டும். களியில் தோண்டும் உறிஞ்சு குழி மாரியில் நிரம்பி நிற்கும்; மழை நீரோடு ஐதாகிய சிறுநீரை வாழை நன்றாகவே எடுத்துக்கொள்ளும். கீரை, வெங்காயம், சம்பலுக்குப் பச்சையாகப் பறிக்கும் வல்லாரை போன்றவற்றின் பாத்திக்கு விட வேண்டாம். அயலவர் வளவுக்கும் ஒழுங்கைக்கும் விடுவது வழக்கில் முடியும்.

5. களியின்மேல் ஜியோ டெக்ஸ்டைல் எனப்படும், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணியை விரியுங்கள். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஓர் அடி மேலேறட்டும். இந்தத் துணி இல்லாவிட்டால் கல் களிக்குள் அமிழும், களி கற்களுக்கிடையே ஏறும். இரண்டு மாரியில் கல் அடுக்கு இருந்த இடம் தெரியாது. செலவைக் குறைக்கப் பொலித்தீன் விரிப்பவர்கள் உண்டு. அது தண்ணீரைக் கீழே விடாது, மணத்தை மட்டும் சேர்த்து வைக்கும்.

6. சுற்றிவரச் சீமெந்துக் கல்லால் ஒரு வரிசை எல்லை வையுங்கள். தாழ்வான பக்கத்தில் கற்களுக்கிடையே விரற்கிடை இடைவெளி விடுங்கள். கருங்களியில் சீமெந்துச் சாந்து வைத்து இறுக்கிக் கட்டினால் மண் அசையும்போது உடையும். பாதியளவு மண்ணில் புதைத்து வைத்தால், விலகினாலும் திரும்ப நேராக்கலாம்.

7. முக்கால் அங்குலக் கருங்கல் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி இடித்து இறுக்குங்கள். அதன்மேல் 2.5 சென்ரிமீற்றருக்குச் சிப்ஸ் எனப்படும் சிறுகல். சிறுகல்லுக்கும் பெருங்கல்லுக்கும் நடுவில் இன்னொரு துணி வேண்டாம். நாயின் சிறுநீர் அதில் ஊறித் தங்கும்.

இங்கே பலர் தவறும் இடம் கிறவல். வன்னியில் மலிவாகக் கிடைப்பதால் கல்லுக்குப் பதிலாக அதைக் கொட்டுகிறார்கள். கிறவல் வீதிக்கு நல்லது. அதில் உள்ள களி இறுகித் தண்ணீரை மறிப்பதால்தான் வீதிக்கு நல்லது. அதே காரணத்தால் இந்த வேலைக்கு உதவாது. கல்லுடைக்கும் தூளும் அப்படித்தான். நனைந்து காய்ந்து கொங்கிறீட் போலாகும்.

எவ்வளவு பொருள் வேண்டும்?

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. அளவு தெரிந்தால் உங்கள் ஊரின் விலையில் நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். மேலே சொன்ன 12 சதுர மீற்றர் நிலத்துக்கு:

- முக்கால் அங்குலக் கல்: 1.2 கன மீற்றர். இடிக்கும்போது இறுகுவதையும் சேர்த்தால் அரைக் கியூப்.
- சிறுகல்: 0.3 கன மீற்றர், ஏறத்தாழ 11 கன அடி.
- துணி: ஓர மடிப்பும் மேலேற்றமும் சேர்த்து 15 முதல் 16 சதுர மீற்றர்.
- எல்லைக் கல்: சுற்றளவு 14 மீற்றர். 16 அங்குல நீளக் கல் என்றால் 35.
- குழாய்: தாழ்வான ஓரத்துக்கு 4 மீற்றரும், பாத்தி வரையிலான தூரமும்.
- புல்: 2 மீற்றர் அகலச் சுருளில் 3 மீற்றர் நீளமான துண்டுகள் இரண்டு.

யாராவது புல்லையும் கூலியையும் மட்டும் சேர்த்து விலை சொன்னால், கல்லும் துணியும் குழாயும் அதில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் அனுப்பும் காசு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வீணாகிறது.

புல்லைத் தெரிவு செய்தல்

நாய்க்கு இழை உயரம் 20 முதல் 30 மில்லிமீற்றர் போதும். நீண்ட இழை பார்வைக்கு அழகு; மலம் சிக்கும், உண்ணி ஒளியும், கழுவக் கஷ்டம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இடையிடையே துளை மட்டும் உள்ள றப்பர் பூச்சை விட, அடி முழுவதும் தண்ணீர் ஒழுகும் வகை சிறந்தது. கடையிலேயே ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கேளுங்கள். இழையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்; கையோடு வந்தால் நாயின் வாயோடும் வரும். கலியாண மண்டபத்துக்கும் கடை வாசலுக்கும் விரிக்கும் மெல்லிய பச்சைக் கம்பளம் வெயிலில் ஒரு வருடத்தில் பொடியாகிவிடும். புறஊதாக் கதிரைத் தாங்கும் என்ற உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கடித்துக் கிழிக்கும் குட்டி இருந்தால் அது வளரும்வரை பொறுப்பது நல்லது. விழுங்கிய பிளாஸ்டிக் இழை குடலை அடைக்கும். ஆடு அவிழ்ந்து வரக்கூடிய வளவுக்கும் இதே எச்சரிக்கை.

விரித்தல்

சுருளைப் பிரித்து சில மணிநேரம் வெயிலில் விட்டால் மடிப்பு நிமிரும். இரண்டு துண்டின் இழைகளும் ஒரே பக்கம் சாய வேண்டும். பொருத்து சரிவின் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே வந்தால் தண்ணீர் அதில் தடைப்படும். பொருத்தின் அடியில் அதற்கான நாடாவும் பசையும் இட்டு ஒட்டுங்கள்.

கல் அடுக்கில் ஆணி பிடிக்காது. எல்லைக் கல்லின் உட்பக்கமாகப் பனஞ்சிலாகை பதித்து அதில் புல்லை அடியுங்கள். பழைய கூரை பிரித்த வீடுகளில் கிடக்கும் வைரம் பாய்ந்த சிலாகையைக் கறையான் இலகுவில் தின்னாது. ஒரு சாண் இடைவெளிக்கு ஓர் ஆணி. நாய் பறிக்கத் தொடங்குவது எப்போதும் ஓரத்திலும் மூலையிலும்தான். அங்கே நெருக்கமாக அடியுங்கள். துருப்பிடிக்காத ஆணி வாங்குங்கள்.

கடைசியாக, இழைகள் நிமிர்ந்து நிற்கக் கழுவிய மணலை மெல்லியதாகத் தூவித் தும்புத்தடியால் வாருங்கள். கடற்கரை மணல் உப்பும் ஈரமும் பிடித்து வைக்கும். மணல் மேடுகளிலும் ஆறுகளிலும் அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றம். ஏற்கெனவே கரைந்துபோகும் எங்கள் கரையோரத்துக்கும் கேடு. சியோலைற் என்ற கனிமத் துகள் கிடைத்தால் அது அமோனியாவைப் பிடித்து மணத்தைக் குறைக்கும்.

மணமும் கழுவுதலும்

சிறுநீரில் உள்ள யூரியாவைப் பற்றீரியா உடைக்கும்போது அமோனியா பிறக்கிறது. மூக்கில் ஏறும் நெடி அதுதான். உண்மையான மண்ணில் அதைச் செடியும் நுண்ணுயிரும் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் கழுவித்தான் போக்க வேண்டும்.

மாரியில் மழையே கழுவிவிடும். சோளகக் காற்று வீசும் கோடை மாதங்களில், நாய் வழமையாகக் கழிக்கும் மூலைக்குத் தினமும் ஒரு வாளித் தண்ணீர், வாரத்தில் ஒருநாள் முழுத் துண்டுக்கும் நாலைந்து வாளி வேண்டும். கிணறு வற்றி, பவுசரில் தண்ணீர் வரும் ஊரில் இது சிறிய செலவல்ல. உடுப்பு அலசிய கடைசித் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் என்று எடுத்து வைப்பவர்கள் அரிசித் தண்ணீரைத் தவிர்க்கவும். அதன் மாப்பொருள் புளித்து மணக்கும். உங்கள் வீட்டில் கோடைத் தண்ணீர் குடிக்கவே போதாது என்றால், செயற்கைப் புல் உங்களுக்குரியதல்ல.

வெள்ளை வினாகிரி ஒரு பங்குக்கு 3 பங்கு தண்ணீர் கலந்து தெளித்தால் அமோனியா தணியும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தைச் சிறுநீரின்மேல் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும் நச்சு வாயுவைத் தரும். வினாகிரியோடும் அதைக் கலக்கக் கூடாது. பினோல் கலந்த கிருமிநீக்கிகள் பூனைக்கு நஞ்சு.

நோய்களின் பக்கம்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவு கொண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கிருமி எலியின் சிறுநீரோடு வந்து ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நாய்க்கும் தொற்றும். நோய்க்குறி காட்டாமலே நாய் தன் சிறுநீரில் அதை வெளியேற்றவும் முடியும். வெறுங்காலோடு சேற்றில் மிதிக்கும்போது காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியே மனிதருக்குள் நுழையும். வடிகால் இல்லாத களிமண் முற்றம் இதற்கு வாய்ப்பான இடம். நன்கு வடியும் கல் அடுக்கு அந்த ஆபத்தைக் குறைக்கும். வடியாத செயற்கைப் புல் கூட்டும். கற்களுக்குள் எலி வளை வைக்காமல், நாயின் மிச்சச் சாப்பாட்டை இரவில் விட்டுவைக்க வேண்டாம். நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி உண்டு. கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். கழுவும்போது பாதணியும் கையுறையும் அணியுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டில் நாய் இருப்பதையும் சேற்றில் வேலை செய்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைக்க வேண்டும். கொளுக்கிப்புழு, வட்டப்புழு முட்டைகள் அதில்தான் வருகின்றன. உண்ணி ஓரத்து வெடிப்புகளில் முட்டையிடும். வாரம் ஒருமுறை எல்லைக் கற்களைச் சுற்றித் தேய்த்துக் கழுவுங்கள். வடிகால் முனையில் தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே நுளம்பு பெருகப் போதும். விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம் தவறக் கூடாது.

செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும்

போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வாழும் வீடுகளில் சேற்று முற்றம் என்பது நாலு மாதச் சிறை. அப்படியான பலருக்கு நாயே காவலும் பேச்சுத் துணையும். அவர்கள் நாயைப் பராமரிக்க ஏற்ற விதத்தில் இதை அமைக்கலாம்.

சக்கர நாற்காலி செயற்கைப் புல்லில் கனமாக உருளும். கல் இளகினால் புதையும். எனவே வீட்டு வாசலிலிருந்து புல்லின் ஓரம்வரை 1 மீற்றருக்குக் குறையாத அகலத்தில் கொங்கிறீட் பாதை போட்டு, நாற்காலியில் இருந்தபடியே கழுவக்கூடியதாகத் தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் வையுங்கள். செயற்கைக் காலோடு நடப்பவர்களுக்கு உயர்த்திக் கட்டிய எல்லைக் கல் தடுக்கும். ஒரு பக்கத்தில் படியில்லாமல் மெல்லிய சரிவாக்கி, கைபிடிக்க ஒரு தூண் நடுங்கள். ஈரமான செயற்கைப் புல் வழுக்காது என்று நினைக்க வேண்டாம். பாசி பிடித்தால் வழுக்கும்.

புல் இல்லாமலும் முடியும்

மேலே சொன்ன அடித்தளத்தைப் போட்டபின், பணம் போதவில்லை என்றால் புல்லை விட்டுவிடலாம். சிறுகல்லின்மேல் 5 சென்ரிமீற்றர் கழுவிய மணல் பரப்பினாலே நாய்க்கு நல்ல படுக்கை; சூடும் குறைவு. வருடத்துக்கொருமுறை மேல் மணலை மாற்றினால் போதும். எங்கள் பாட்டிமார் முற்றத்துக்கு மணல் பரப்பியதும் இதே நோக்கத்துக்குத்தான். நிழல் இல்லாத இடத்தில் களிமண்ணில் எருவும் உமியும் கலந்து உயர்த்தி அறுகம்புல் வைக்கலாம். நாயை இரண்டு மாதம் விலக்கி வைத்தால் பிடித்துவிடும். ஒரு நாய் உள்ள வீட்டுக்கு அறுகு தாங்கும். மூன்று நாலு நாய்கள் என்றால் தாங்காது. அங்கேதான் செயற்கைப் புல்லுக்கு உண்மையான பயன்.

செயற்கைப் புல் என்றென்றைக்கும் இருப்பதும் அல்ல. வெயிலில் இழை உடைந்து துகளாகி மண்ணில் கலக்கும். பழுதானதை எரித்தால் நச்சுப் புகை. கழற்றும் நாளில் எங்கே கொடுப்பது என்பதைப் பிரதேச சபையிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வருடத்தில் பார்க்க வேண்டியவை

செப்ரெம்பர் கடைசியில், மழை தொடங்க முன், குழாயின் மேல் முனையால் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வாழைப் பாத்தியில் வருகிறதா என்று பாருங்கள். முதல் பெருமழையில் குடையோடு போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். மழை விட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் காலடியில் தண்ணீர் பிதுங்கினால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது சரிவு போதவில்லை. பங்குனி, சித்திரையில் களி சுருங்கும்போது எல்லைக் கற்கள் விலகியிருக்கும். நேராக்கி, பள்ளம் விழுந்த இடத்தில் புல்லைத் தூக்கிச் சிறுகல் இட்டு நிரப்புங்கள். மாரியில் மண் அரித்து ஓரங்களில் புதிதாக ஏதேனும் வெளித்தெரிகிறதா என்று பார்ப்பதும் அந்த வேலையோடு சேர்ந்தது. அப்படித் தெரிந்தால், தொடாமல் 119.